மில்லிங்கில் வேகமும் ஃபீடும்: பொருளுக்கேற்ற எண்ணைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

மில்லிங் மெஷினுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். வெட்டும் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், கை நேராக ஃபீடை, அதாவது வேலைத் துண்டு கட்டருக்குள் நகரும் வேகத்தை, கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடு குமிழுக்குப் போய்விடும். 100 விழுக்காட்டில் இருந்தது 40-க்கு இறங்கும். சத்தம் அடங்கும், மனமும் அடங்கும். ஆனால் கட்டரைச் சுழற்றும் ஸ்பின்டல் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கட்டரின் பல் உலோகத்தை வெட்டுவதை விட்டுவிட்டு அதன்மேல் உரசத் தொடங்கும். உரசினால் சூடு, சூட்டில் முனை மழுங்கும், மழுங்கிய முனை இன்னும் அதிகமாக உரசும். "மெதுவாகத்தானே ஓட்டினேன், கட்டர் ஏன் இவ்வளவு சீக்கிரம் போச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பல நேரம் அந்த மெதுவான ஓட்டம்தான் காரணம்.

இந்த வழிகாட்டியில் நான் இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் எண் ஒன்றுதான். கட்டரின் ஒரு பல் ஒரு தடவை கடந்து போகும்போது எவ்வளவு தடிமனுக்குச் சீவுகிறது என்பது அது. ஆர்பிஎம்மை, அதாவது ஸ்பின்டல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை, குறைக்கலாம், ஆழத்தைக் குறைக்கலாம், பக்கவாட்டு அகலத்தைக் குறைக்கலாம். அந்தத் தடிமனை மட்டும் அளவுக்குக் கீழே மெலிய விடக்கூடாது.

பினாங்கில் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டியிருக்கிறது. 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கிய பிறகு, தீவில் செமிகண்டக்டர் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு ஜிக், ஃபிக்ஸர் என்ற பிடிப்புச் சாதனங்கள், மெஷின் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகளும் பெருகின. பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், பிறை, புக்கிட் மிஞ்ஞாக், சிம்பாங் அம்பாட் வரை இன்று அப்படிப்பட்ட பட்டறைகள் நிறைய. காலையில் 6061 அலுமினியம் தட்டு, மதியம் பிஓஎம் பிளாஸ்டிக், சாயங்காலம் எஸ்கேடி 11 என்ற டூல் ஸ்டீல் பிளாக் என்று ஒரே மெஷினில் மாறி மாறி வரும். ஒரே ஃபீடில் எல்லாவற்றையும் ஓட்ட முடியாது.

முதலில்: கையில் இருக்கும் பொருள் எது?

"ஸ்டீல்தான்" என்பது பதில் ஆகாது. நடுத்தரக் கார்பன் ஸ்டீலான எஸ்45சி, முன்பே கடினப்படுத்திய மோல்டு ஸ்டீலான பி20, ஸ்டெயின்லெஸ் 304 மூன்றும் பார்வைக்கு ஒன்றாகத் தெரியலாம், வெட்டும்போது மூன்றும் வேறு. ஸ்டெயின்லெஸிலேயே 303-ல் கந்தகம் சேர்த்திருப்பதால் சிப், அதாவது சீவி விழும் துணுக்கு, எளிதாக உடையும். 304 இழுவையாக வரும். ஸ்டெயின்லெஸ் துண்டு காந்தத்தில் பளிச்சென்று ஒட்டினால் அது 304 ஆக இருக்க வாய்ப்பு குறைவு, 430 போன்ற வகையாக இருக்கலாம். மிச்சத் துண்டுகளை அடுக்கும் ரேக்கில்தான் குழப்பம் தொடங்குகிறது. சப்ளையர் பெயிண்ட் அடித்த முனையை முதலில் அறுத்துவிட்டால், மீதித் துண்டு என்ன என்று யாருக்கும் தெரியாது. அந்த முனையைக் கடைசிவரை விட்டு வையுங்கள்.

கட்டர் டப்பாவிலும், மாற்றிப் போடும் வெட்டு முனையான இன்செர்ட் டப்பாவிலும் ஒரு எழுத்தும் நிறமும் இருக்கும். பி நீலம், சாதாரண ஸ்டீலுக்கு. எம் மஞ்சள், ஸ்டெயின்லெஸுக்கு. கே சிவப்பு, வார்ப்பிரும்புக்கு. என் பச்சை, அலுமினியம், பித்தளை போன்றவற்றுக்கு. எஸ் பழுப்பு, டைட்டானியம் போன்ற வெப்பம் தாங்கும் உலோகங்களுக்கு. எச் சாம்பல், கடினப்படுத்திய ஸ்டீலுக்கு. இது உலகம் முழுக்க ஒரே முறை. டப்பாவில் வெட்டு வேகமும் ஒரு பல்லுக்கான ஃபீடும் அச்சிட்டிருந்தால், நான் கீழே தரும் எண்களைவிட அதற்கே முதல் மரியாதை கொடுங்கள்.

வெட்டு வேகத்திலிருந்து ஆர்பிஎம்

வெட்டு வேகம் என்பது கட்டரின் விளிம்பு பொருளின்மேல் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது. பொருளும் கட்டரும் சேர்ந்து தீர்மானிக்கும் எண் இது. அதை ஆர்பிஎம்மாக மாற்ற ஒரு கணக்கு போதும்:

ஆர்பிஎம் = வெட்டு வேகம் × 318 ÷ கட்டர் விட்டம் மி.மீ-யில்

1000-ஐ பை என்ற 3.14-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 318. எஸ்45சி-க்கு கோட்டிங் போட்ட கார்பைடு எண்ட்மில்லில் (மிகக் கடினமான கார்பைடால் ஆன, பக்கத்திலும் நுனியிலும் வெட்டும் கட்டர்) நிமிடத்துக்கு 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மி.மீ கட்டர் என்றால் 120 × 318 ÷ 10 = 3816. மெஷினில் 3800 போடலாம். அதே வேலையை மேனுவல் மில்லிங்கில் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டரால் செய்தால் வேகம் 25 மீட்டர்தான், ஆர்பிஎம் 800-க்குப் பக்கத்தில் வரும்.

வேகத்தைக் கூட்டினால் என்ன விலை கொடுக்கிறோம் என்று அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அவருடைய விதிப்படி, கார்பைடு கட்டரின் வேகத்தை 20 விழுக்காடு ஏற்றினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எச்எஸ்எஸ் என்றால் கால்வாசிக்கு வந்துவிடும். ஃபீடைக் கூட்டுவதால் ஆயுள் இந்த அளவுக்குக் குறையாது. அதனால் கட்டர் சீக்கிரம் தேய்கிறது என்றால் முதலில் தொட வேண்டியது ஆர்பிஎம்.

ஃபீட்

டேபிள் ஃபீட் = ஆர்பிஎம் × பற்களின் எண்ணிக்கை × ஒரு பல்லுக்கு ஃபீட்

மேலே சொன்ன எஸ்45சி வேலைக்கு 4 பல் கட்டர், ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ என்று எடுத்தால் 3800 × 4 × 0.05 = 760. நிமிடத்துக்கு 760 மி.மீ.

இப்போது அந்த ஓவர்ரைடு குமிழைத் திரும்பப் பாருங்கள். 760-ஐ 40 விழுக்காட்டுக்கு இறக்கினால் 304. ஆர்பிஎம் மாறவில்லை, பல்லும் மாறவில்லை. ஆகவே ஒரு பல்லுக்கு 0.02 மி.மீ-தான் கிடைக்கிறது. கார்பைடு முனை கூர்மையாகத் தெரிந்தாலும், கோட்டிங்கோடு சேர்த்து அதன் விளிம்பில் சில மைக்ரான் உருண்டை இருக்கும். வெட்டும் தடிமன் அந்த உருண்டையின் அளவை நெருங்கும்போது முனை உள்ளே இறங்காது, மேலேயே அழுத்தித் தேய்க்கும். பயமாக இருந்தால் ஸ்பின்டலையும் ஃபீடையும் ஒரே விகிதத்தில் இறக்குங்கள். 3800 என்பதை 2700 ஆக்கினால் ஃபீடை 540 ஆக்குங்கள். ஒரு பல்லுக்கு அதே 0.05 நிற்கும்.

மெஷினின் உச்ச ஆர்பிஎம் போதாமல் போகும்போதும் இதே வழிதான். 6061-க்கு 300 மீட்டர் வேகத்தில் 10 மி.மீ கட்டர் 9540 ஆர்பிஎம் கேட்கும். பழைய மெஷினில் 8000-தான் இருக்கிறதா? 8000-லேயே ஓட்டுங்கள். 3 பல், ஒரு பல்லுக்கு 0.08 என்றால் 8000 × 3 × 0.08 = 1920. வேகம் குறைந்ததற்காக ஒரு பல்லுக்கான ஃபீடைக் குறைக்க வேண்டியதில்லை.

பக்கவாட்டு அகலம் குறைந்தால் சிப் மெலியும்

பலருக்கும் யாரும் சொல்லித் தராத பகுதி இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கட்டர் விட்டத்தில் பாதி அல்லது அதற்கு மேல் பக்கவாட்டில் உள்ளே போகும்போது, ஒரு பல்லுக்கு 0.05 என்று போட்டால் சிப்பின் தடித்த இடம் 0.05 வரும். ஆனால் 10 மி.மீ கட்டரால் பக்கத்தில் 1 மி.மீ மட்டும் சீவினால், பல் வட்டத்தின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு வெளியேறுகிறது. சிப்பின் தடித்த இடமே போட்ட ஃபீடில் 60 விழுக்காடுதான், அதாவது 0.03. விட்டத்தில் 5 விழுக்காடு மட்டும் எடுத்தால் 44 விழுக்காடுக்கு இறங்கும். 20 விழுக்காடு எடுத்தால் 80.

ஆகவே 1 மி.மீ பக்கவாட்டு வெட்டில் உண்மையிலேயே 0.05 சிப் வேண்டுமென்றால் 0.05 ÷ 0.6, அதாவது 0.083 போட வேண்டும். 3800 × 4 × 0.083 என்றால் ஏறக்குறைய 1260. முன்பு 760. பார்க்கப் பயமாக இருக்கும் எண்தான், ஆனால் பல்லுக்கு விழும் சுமை பழைய சுமையே. 760-லேயே விட்டு, அதையும் 40 விழுக்காட்டுக்கு இறக்கினால் சிப் 0.012 மி.மீ. அது வெட்டவே வெட்டாது.

இதன் மறுபக்கம் மூலைகள். பாக்கெட்டின் உள் மூலையில் கட்டர் திரும்பும்போது, நேர்கோட்டில் 10 விழுக்காடு எடுத்தது திடீரென்று பாதி விட்டத்துக்கு ஏறிவிடும். நேர்கோட்டுக்குப் போட்ட கூடுதல் ஃபீட் அங்கே ஆபத்து. மூலை ஆரம் 5 மி.மீ என்றால் 10 மி.மீ கட்டரை வைக்காமல் 8 மி.மீ வைத்து வளைத்துத் திருப்புங்கள். கட்டர் பாதையைத் தயாரிக்கும் கேம் மென்பொருளில் வெட்டு அகலம் மாறாமல் போகும் பாதை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். முழு அகலத்தில் ஸ்லாட் வெட்டும்போது ஸ்டீலில் ஆழம் கட்டர் விட்டத்தில் பாதிக்கு மேல் போக வேண்டாம்.

கட்டர் போகும் திசையும் இதே விஷயம்தான். டேபிள் நகரும் திசையிலேயே பல்லும் வெட்டும் கிளைம்ப் முறையில் பல் தடிப்பாக இறங்கி மெலிதாக வெளியேறும். எதிர் முறையில் பூஜ்யத் தடிமனில் தொடங்கும், அதாவது ஒவ்வொரு பல்லும் உரசிக்கொண்டே தொடங்கும். சிஎன்சி-யில் கிளைம்ப்தான் சரி. திருகில் ஆட்டம் இருக்கும் பழைய மேனுவல் மெஷினில் மட்டும் கிளைம்ப் வேண்டாம். கட்டர் டேபிளைத் தன்பக்கம் இழுத்துவிடும்.

மெஷின் தாங்குமா?

எண்ட்மில்லில் பெரும்பாலும் மோட்டார் சக்திக்குப் பிரச்சினை வராது. மேற்பரப்பைச் சமமாக்கும் பெரிய ஃபேஸ்மில்லில் வரும். 63 மி.மீ ஃபேஸ்மில், 5 இன்செர்ட், ஸ்டீலில் 180 மீட்டர் வேகம் என்றால் 900 ஆர்பிஎம். ஒரு பல்லுக்கு 0.15 என்றால் ஃபீட் 675. ஆழம் 2, அகலம் 45 மி.மீ எடுத்தால் நிமிடத்துக்கு சுமார் 60 கன செ.மீ உலோகம் போகிறது. ஸ்டீலில் இதற்கு 2 கிலோவாட் வேண்டும். 3 எச்பி மேனுவல் மில்லின் முழுச் சக்தியே 2.2 கிலோவாட். மோட்டார் திணறும். அங்கே ஃபீடைத் தொடாமல் ஆழத்தை 1 மி.மீ ஆக்குங்கள், சக்தி பாதியாகிவிடும்.

கட்டர் வெளியே நீளும் அளவை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். நீளம் கூடினால் வளைவு அதன் மும்மடிப் பெருக்கத்தில் (நீளம் × நீளம் × நீளம்) கூடும். 30 மி.மீ வெளியே இருந்ததை 40 ஆக்கினால், அதே விசையில் வளைவு இரண்டு மடங்கைத் தாண்டும். பாக்கெட் 22 மி.மீ ஆழம் என்றால் 25-க்குப் பிடியுங்கள், "இருக்கட்டும்" என்று 40 விட வேண்டாம்.

அப்புறம் கட்டர் சுழலும்போது மையம் விலகும் ஆட்டம். ஹோல்டரில் வைத்து டயல் கேஜால் பாருங்கள். 2 பல் கட்டர் 0.02 மி.மீ ஆடினால், ஒரு பல்லுக்கு 0.04 ஃபீடில் ஒரு பல் 0.06 சீவும், மற்றது 0.02 மட்டும் சீவும். ஒன்று சுமையில் உடையும், மற்றது உரசித் தேயும். கட்டரைப் பிடிக்கும் கோலெட்டைத் துடைத்து மாட்டினாலே பாதி ஆட்டம் போய்விடுவதைப் பார்க்கலாம்.

பொருள் பொருளாக

கீழே உள்ளவை 10 மி.மீ கார்பைடு எண்ட்மில்லுக்குத் தொடக்க எண்கள். சின்னக் கட்டருக்கு ஒரு பல்லுக்கான ஃபீடை விட்டத்தின் விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம் 6061: 200 முதல் 500 மீட்டர், ஒரு பல்லுக்கு 0.06 முதல் 0.1. இரண்டு அல்லது மூன்று பல், பளபளப்பான பள்ளம் உள்ள கட்டர் வேண்டும். ஸ்டீலுக்கான அலுமினியம் கலந்த கோட்டிங் கட்டரை இதில் போடாதீர்கள், உலோகம் முனையில் ஒட்டிக்கொள்ளும். 5052 இன்னும் பிசுபிசுப்பு, கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) தாராளமாக வேண்டும். பள்ளத்தில் சிப் அடைத்தால் கட்டர் அந்த நொடியே போய்விடும், அதனால் காற்றோ கூலண்டோ சரியாக வெட்டும் இடத்தில் பட வேண்டும்.

சாதாரண ஸ்டீலும் எஸ்45சி-யும்: 100 முதல் 160 மீட்டர், 0.04 முதல் 0.06. பி20-க்கு 80 முதல் 110.

ஸ்டெயின்லெஸ் 304-ஐத்தான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள். 60 முதல் 90 மீட்டர், 0.03 முதல் 0.05. 70 மீட்டர் என்றால் 2200 ஆர்பிஎம், 4 பல், 0.04, ஃபீட் 350. இந்த உலோகம் உரசினால் கடினமாகும். ஒரு தடவை மேலோட்டமாகத் தேய்த்துவிட்டால் மேல்தோல் இறுகி, அடுத்த பல் அந்த இறுகிய தோலில் மோதும். அதனால் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஃபீடை நிறுத்திவிட்டுக் கட்டரைச் சும்மா சுற்ற விடாதீர்கள். கடைசி ஃபினிஷிங் வெட்டுக்கு 0.05 மி.மீ மட்டும் மிச்சம் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். 0.2 வையுங்கள், கட்டர் இறுகிய தோலுக்குக் கீழே இறங்கி வெட்டட்டும். கூலண்ட் நிறைய.

எஸ்கேடி 11 கடினப்படுத்தி 58 முதல் 60 எச்ஆர்சி கடினத்தன்மை வந்த பிறகு 50 முதல் 80 மீட்டர், பக்கவாட்டில் விட்டத்தின் 3 முதல் 5 விழுக்காடு மட்டும். கூலண்ட் வேண்டாம், காற்று போதும். சூடான கார்பைடில் விட்டு விட்டுத் தண்ணீர் பட்டால் நுண்ணிய வெடிப்பு விழும்.

டைட்டானியம்: 40 முதல் 60 மீட்டர், 0.04-க்குப் பக்கத்தில். சூடு சிப்போடு வெளியேறாமல் முனையிலேயே தங்கும், அதனால் அகலம் குறைவாக, கூலண்ட் நிறுத்தாமல். வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம். பித்தளை தொந்தரவு கொடுக்காது. எலெக்ட்ரோடுக்கான செம்புக்கு அலுமினியக் கட்டரே பொருந்தும்.

பிஓஎம் போன்ற பிளாஸ்டிக்கில் வேகத்தைவிட முனையின் கூர்மைதான் முக்கியம். ஒரு பல் அல்லது இரண்டு பல் புதுக் கட்டர், 200 மீட்டருக்கு மேல், ஒரு பல்லுக்கு 0.1 என்று தடிப்பாக வெட்டுங்கள். சூடு சிப்போடு பறந்துவிடும். ஃபீட் குறைந்தால் பிளாஸ்டிக் உருகிக் கட்டரில் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி நார் கலந்த பீக் பிளாஸ்டிக், சர்க்யூட் போர்டுக்கான எஃப்ஆர்4 தட்டு இரண்டும் கார்பைடை அரித்துவிடும். வைரக் கோட்டிங் கட்டர் செலவுக்குத் தகும். எஃப்ஆர்4 தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது. உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் துண்டுக்கு ஆழத்தைப் பாதியாக வையுங்கள், ஒரு பல்லுக்கான ஃபீடை முழுதாக வையுங்கள். கொஞ்ச தூரம் வெட்டியதும் நிறுத்திச் சிப்பைப் பாருங்கள், ஆனால் கையால் அள்ள வேண்டாம், தூரிகையால் எடுங்கள். ஸ்டீல் சிப் நகம் வெட்டினால் விழும் துண்டு மாதிரி வளைந்து, ஒரு பக்கம் பளபளவென்று, எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். மாவு மாதிரிப் பொடியாக வந்தால் கட்டர் உரசுகிறது. கார்பைடால் உலர்வாக வெட்டும்போது சிப் வைக்கோல் நிறத்திலிருந்து நீலம் வரை போகலாம். சூடு சிப்போடு வெளியேறுகிறது என்று அர்த்தம். எச்எஸ்எஸ் கட்டரில் நீலம் வந்தால் வேகம் அதிகம். துண்டின் மேற்பரப்பே நீலமானால் எந்தக் கட்டராக இருந்தாலும் நிறுத்துங்கள்.

கிரீச்சென்று அதிர்ந்து வேலையில் வரிவரியாகத் தடம் விழுந்தால் ஆர்பிஎம்மை 10 விழுக்காடு இறக்கிப் பாருங்கள், பல்லுக்கான ஃபீடைப் பழையபடியே வையுங்கள். அடங்கவில்லை என்றால் கட்டர் நீளத்தையும் வைஸ் பிடியையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாது.

நம்ம ஊர் வெயில்

மதியம் பட்டறைக்குள் 33 டிகிரி, அளவு பார்க்கும் கியூசி அறையில் 20 டிகிரி. 100 மி.மீ நீளமுள்ள அலுமினியத் துண்டு அந்த அறைக்குப் போய்க் குளிர்ந்ததும் 0.03 மி.மீ சுருங்கும். பிஓஎம் என்றால் 0.14 மி.மீ. மெஷினில் சரியாக இருந்த அளவு ரிப்போர்ட்டில் தவறுவது இதனால்தான். ஃபினிஷிங் வெட்டுக்கு முன் துண்டை ஆற விடுங்கள், பிளாஸ்டிக்கை கியூசி அறையில் சில மணி நேரம் வைத்த பிறகே அளவெடுங்கள். ரஃபிங் என்ற முதல் கட்ட வெட்டில் தடிப்பான சிப்பாக வெட்டினால் சூடு துண்டுக்குள் இறங்குவதும் குறையும்.

இந்தச் சூட்டில் கூலண்ட் தொட்டியில் தண்ணீர் ஆவியாகி எண்ணெய் அடர்த்தி கூடும். அடர்த்தி காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, சப்ளையர் சொன்ன விகிதத்துக்குள் வையுங்கள். பல கூலண்டுகளுக்கு அது 6 முதல் 10 விழுக்காடு. குறைந்த அளவை வெறும் தண்ணீரால் நிரப்பாமல், மிக மெலிதாகக் கலந்த கூலண்டால் நிரப்புங்கள். திங்கட்கிழமை காலையில் தொட்டி நாறினால் மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

நன்றாக ஓடிய எண்களை மெஷின் பக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: பொருள், கட்டர், எத்தனை பல், எவ்வளவு வெளியே நீண்டிருந்தது, ஆர்பிஎம், ஃபீட், ஆழம், அகலம், கட்டர் எவ்வளவு நேரம் தாங்கியது. கூடவே ஒரு பல்லுக்கான ஃபீடையும் கணக்குப் போட்டு எழுதுங்கள். அடுத்த தடவை 10-க்குப் பதில் 6 மி.மீ கட்டர் வந்தாலும், 4 பல்லுக்குப் பதில் 3 பல் வந்தாலும், அந்த எண்ணிலிருந்துதான் புதுக் கணக்கைத் தொடங்க முடியும்.